ஒரு கொக்குக்கு இரண்டு டாலர்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையை நிலநடுக்கம் உலுக்கியது. அளவு 9.0. பின்னாலேயே வந்த கடல், மியாகி, இவாத்தே, ஃபுகுஷிமா மாகாணங்களின் கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனது. பதினெட்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடுத்த சில நாட்களிலேயே அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அழைப்பு போனது. காகிதத்தில் கொக்கு மடித்து அனுப்புங்கள், கொக்கு ஒன்றுக்கு இரண்டு டாலர் வீதம் ஜப்பானின் மறுகட்டுமானத்துக்குத் தருகிறோம் என்றது அழைப்பு. அழைத்தது ‘ஸ்டூடண்ட்ஸ் ரீபில்ட்’ என்ற மாணவர் திட்டம். பணம் தர முன்வந்தது அதன் பின்னால் இருந்த பெசோஸ் குடும்ப அறக்கட்டளை. இலக்கு 1 லட்சம் கொக்கு, 2 லட்சம் டாலர்.

வந்து சேர்ந்தவை 20 லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலிருந்தும், 38 நாடுகளிலிருந்தும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. திகைத்துப்போன அறக்கட்டளை தன் தொகையை 4 லட்சம் டாலராக உயர்த்தியது. இன்னொரு நன்கொடையும் சேர்ந்து மொத்தம் 5 லட்சம் டாலர் ஆனது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்க்கலாம். 20 லட்சம் கொக்குகளுக்கு 5 லட்சம் டாலர் என்றால் கொக்கு ஒன்றுக்குக் கால் டாலர்தான் விழுகிறது. பழகாத பிள்ளைக்கு ஒரு கொக்கு மடிக்க ஐந்து நிமிடமாவது பிடிக்கும். மூன்று நிமிடம் என்று குறைத்தே வைத்தாலும் ஒரு லட்சம் மணி நேரம். மணிக்கு ஐந்து டாலர். பணம் முழுக்க வேறு ஒருவர் கையில் ஏற்கெனவே இருந்தது; பிள்ளைகள் ஒரு கொக்குகூட மடிக்காவிட்டாலும் அதைக் கொடுத்திருக்க முடியும். அப்படியானால் அந்த ஒரு லட்சம் மணி நேரம் யாருக்காக, எதற்காகச் செலவானது?

பேரிடர் நிவாரணத்துக்காகக் காகிதம் மடிக்கும் வழக்கத்தைப் பற்றி யோசிக்கும் எவரும் இந்தக் கேள்வியைச் சுற்றிப் போக முடியாது.

கொக்கு மடிப்பது பார்ப்பதற்கு லேசான வேலை. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து, பிரித்து, திருப்பிப் போட்டு, குறுக்கே மடித்து, மடிப்புக்கோடுகள் இழுக்கிற பக்கமே விட்டால் தாள் தானாகவே சின்னச் சதுரமாகச் சுருங்கிவிடும். அதன் ஓரங்களை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தால் பட்டம் மாதிரி ஓர் உருவம். இதுவரை ஆறு வயதுப் பிள்ளையும் வந்துவிடும். அடுத்த மடிப்பில்தான் தாள் முரண்டு பிடிக்கும். மேல் தாளின் நுனியை மட்டும் பிடித்து மெல்ல மேலே தூக்க வேண்டும். தூக்கும்போது இரண்டு ஓரமும் உள்ளே சரிந்து, பூவிதழ் விரிவதுபோல நீண்ட சாய்சதுரம் ஆகும். அவசரப்பட்டால் கிழியும். பொறுத்தால் கழுத்தும் வாலும் கிடைக்கும். கடைசியில் அலகை வளைத்து, சிறகு இரண்டையும் பக்கவாட்டில் இழுத்தால் வயிறு உப்பி, தட்டையான தாள் உடம்பாகிறது. அந்தக் கணத்தில் எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்க்க வேண்டும். ஒரு வகுப்பில் நாற்பது பேர் மடித்தால் நாற்பது முறை அது நடக்கிறது.

ஜப்பானியர் மனத்தில் இருப்பது நம் வயல் வரப்பில் ஒற்றைக்காலில் நிற்கும் வெண்கொக்கு இல்லை. உச்சந்தலையில் சிவப்புத் திட்டோடு, ஆளின் தோளுயரம் வளரும் பெருங்கொக்கு அது. ஆயிரம் ஆண்டு வாழும் என்று நம்பப்பட்ட பறவை. வேட்டையாலும் சதுப்பு அழிவாலும் ஜப்பானில் அற்றே போய்விட்டது என்று கைவிடப்பட்டு, 1924இல் ஹொக்கைடோவின் குஷிரோ சதுப்பில் சில மட்டும் எஞ்சியிருப்பது தெரிய வந்தது. ஆயிரம் ஆண்டு ஆயுளுக்கு ஆயிரம் காகிதக் கொக்கு என்பதுதான் ‘சென்பசுரு’. வழக்கமாக நாற்பது நாற்பதாக இருபத்தைந்து சரங்கள். வயிற்றின் கீழுள்ள துளை வழியாக ஊசியை ஏற்றி முதுகு வழியாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நூலில் கோப்பார்கள்.

இது பழைய கலை. 1797இலேயே ‘ஹிதென் சென்பசுரு ஒரிகத்தா’ என்ற அச்சுப் புத்தகம் கியோட்டோவில் வெளிவந்தது. ஒரே தாளை வெட்டுகள் கொடுத்துப் பிரித்து, ஒன்றோடொன்று சிறகு தொட்டு நிற்கும் கொக்குக் கூட்டங்களாக மடிக்கும் 49 முறைகள் அதில் இருக்கின்றன. குவானா ஊரைச் சேர்ந்த ஒரு பௌத்தத் துறவியின் கைவண்ணம். பொழுதுபோக்குக் காகித மடிப்புக்கென்று எழுந்த புத்தகங்களில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். அதில் நிதியும் இல்லை, நோயும் இல்லை. மடிப்பதன் மகிழ்ச்சி மட்டுமே.

பின்னாளில் அது கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொருளானது; நோயாளியைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோகும் பொருளும் ஆனது. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் போகிற மாதிரி, அங்கே வகுப்புத் தோழர்கள் மடித்த சரம் போகும். நோயாளிக்குக் கொடுப்பதென்றால் சிலர் கொக்கின் அலகை வளைக்காமல் நிமிர்த்தியே விட்டுவிடுவார்கள். தலை கவிழ்ந்திருப்பது நல்ல சகுனம் இல்லையாம். யாருக்காக மடிக்கிறோம் என்ற நினைப்பு விரல் நுனிவரை வந்து சேரும் வழக்கம் இது. பின்னால் வரும் பல குழப்பங்களைப் புரிந்துகொள்ள இந்தச் சிறு விவரம் உதவும்.

காகிதக் கொக்கை உலகம் முழுக்கக் கொண்டுபோனவள் சடாகோ சசாகி. ஹிரோஷிமாவில் 1943இல் பிறந்தவள். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் அவள் வீடு. வயது இரண்டு. காயமில்லாமல் தப்பினாள், பள்ளியில் ஓட்டக்காரியாகப் பேரெடுத்தாள். 1955 பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோயோடு ஹிரோஷிமா செஞ்சிலுவை மருத்துவமனையில் சேர்ந்தாள். அந்த ஆகஸ்டில் நகோயா நகரப் பள்ளி மாணவர்கள் அனுப்பிய கொக்குச் சரங்கள் மருத்துவமனைக்கு வந்தன. அதைப் பார்த்து, ஆயிரம் மடித்தால் வேண்டியது நடக்கும் என்ற நம்பிக்கையோடு அவளும் மடிக்கத் தொடங்கினாள். தாள் கிடைக்காமல் மருந்து சுற்றிவந்த காகிதத்திலும், மற்ற நோயாளிகளுக்கு வந்த பரிசுப்பொருள் உறைகளிலும் மடித்தாள். அக்டோபர் 25 அன்று இறந்தாள். வயது பன்னிரண்டு.

எலினார் கோர் 1977இல் எழுதிய ஆங்கிலக் கதைநூல் அவள் 644 கொக்குகள்தான் மடிக்க முடிந்தது என்றும், மீதியைத் தோழர்கள் மடித்தார்கள் என்றும் சொல்கிறது. அவள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள் என்பதே குடும்பத்தாரும் ஹிரோஷிமா அருங்காட்சியகமும் சொல்லும் செய்தி. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆகஸ்ட் 6 அன்று பிள்ளைகள் கொக்கு மடிக்கும்போது கேட்கும் கதை பெரும்பாலும் அந்த 644இன் வழியே வந்ததுதான். உண்மை அதைவிடக் கடுமையானது: ஆயிரமும் மடித்தாள், வேண்டுதல் பலிக்கவில்லை, மறுபடியும் மடித்தாள்.

கொக்கும் நிதியும் ஒன்றுசேர்ந்த முதல் பெரிய நிகழ்வும் இவளைச் சுற்றித்தான் நடந்தது. அவள் இறந்த அடுத்த மாதமே, ஹிரோஷிமாவில் கூடிய நாடு தழுவிய பள்ளித் தலைமையாசிரியர் மாநாட்டில் அவளுடைய வகுப்புத் தோழர்கள் துண்டறிக்கை கொடுத்தார்கள். அணுகுண்டால் இறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சிலை வேண்டும், உதவுங்கள் என்று. ஜப்பான் முழுவதும் 3,100க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்தும், ஒன்பது வெளிநாடுகளிலிருந்தும் பணம் வந்தது. 1958 மே 5, ஜப்பானின் சிறுவர் நாளில், சிற்பி கசுவோ கிக்குச்சி வடித்த சிலை திறக்கப்பட்டது. உச்சியில் ஒரு சிறுமி இரு கைகளையும் தூக்கி ஒரு கொக்கைப் பிடித்து நிற்கிறாள்.

கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைகள் யாரிடமும் கொக்கு கேட்கவில்லை. பணம் கேட்டார்கள். எதற்கு என்று சொன்னார்கள். அது கட்டி முடிந்ததும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

இன்று காகிதக் கொக்கால் நிதி திரட்டுவதில் மூன்று வழிகள் தெரிகின்றன. பிள்ளை மடிக்க, பணக்காரர் அல்லது நிறுவனம் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் தருவது ஒன்று. மடித்த கொக்கைத் தோடாகவோ சரமாகவோ விற்று வந்ததை அனுப்புவது இன்னொன்று. உண்டியலில் காசு போட்டவருக்குக் கொக்கைக் கையில் கொடுப்பது மூன்றாவது. விற்பதும் உண்டியலும் எளிய கணக்குகள். தாள் விலை போக எவ்வளவு வந்ததோ அவ்வளவு. முதல் வழியில்தான் பெரும்பணமும் இருக்கிறது, தொடக்கத்தில் எழுந்த கேள்வியும் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. மைக்கேல் நார்ட்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்கள் தாங்களே செய்த பொருளுக்கு எவ்வளவு விலை வைக்கிறார்கள் என்று சோதித்தது. மரச்சாமான் பெட்டிகளோடு, காகிதக் கொக்கும் தவளையும்கூடச் சோதனைப் பொருளாயின. பழக்கமில்லாத ஆட்களிடம் தாளையும் வழிமுறையையும் கொடுத்து மடிக்கச் சொன்னார்கள். மடித்தவர்கள் தங்கள் கோணல்மாணல் பறவைக்குச் சராசரியாக 23 சென்ட் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். வேறு ஆட்களிடம் அதே பறவைகளைக் காட்டியபோது அவர்கள் சொன்ன விலை 5 சென்ட். கைதேர்ந்தவர் மடித்த அழகான பறவைக்கு அவர்கள் சொன்னது 27 சென்ட். அதாவது மடித்தவர் கண்ணுக்குத் தன் கொக்கு ஒரு நிபுணரின் கொக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குக் கசங்கிய தாள்.

இந்த 23க்கும் 5க்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் காகிதக் கொக்கின் முழு நன்மையும் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கின்றன.

நன்மை முதலில். கையால் ஒன்றைச் செய்தவர் அந்தக் காரியத்தோடு ஒட்டிக்கொள்கிறார். கிறிஸ்டோபர் ஒலிவோலாவும் எல்டார் ஷஃபீரும் 2013இல் எழுதிய ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. சுகமான விருந்து வைத்து நிதி கேட்பதைவிட, உடம்பு வருந்த ஓடிப் பணம் திரட்டச் சொன்னால் மக்கள் அதிகம் கொடுக்க முன்வருகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். அதுவும் மனிதத் துன்பத்தைத் தீர்க்கும் காரியமாக இருந்தால் இந்த விளைவு கூடுகிறது. பூங்கா அமைப்பது போன்ற இன்பமான காரியமென்றால் குறைகிறது. காவடி எடுப்பவருக்கும் பால்குடம் சுமப்பவருக்கும் இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பட்ட பாடு, வேண்டுதலுக்கு எடை கூட்டுகிறது.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பத்து வயதுப் பிள்ளையிடம் பணம் இல்லை. தொலைக்காட்சியில் ஊரே மிதந்து போவதைப் பார்த்த பிள்ளைக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அதன் கையில் ஒரு சதுரத் தாளைக் கொடுத்து, இது இரண்டு டாலர் என்று சொல்வது அந்தத் துடிப்புக்கு ஒரு வாசல் திறந்துவிடுவது. ஒரு லட்சம் மணி நேரம் எங்கே போனது என்ற கேள்விக்கு நேரான பதில் இதுதான்: அந்த நேரம் ஜப்பானுக்குப் போகவில்லை, மடித்தவர்களுக்குள்ளேயே தங்கிவிட்டது. அப்படித் தங்கியதை வீண் என்று இந்தக் கட்டுரை நினைக்கவில்லை. ‘ஸ்டூடண்ட்ஸ் ரீபில்ட்’ காரர்கள் அந்த மலையளவு கொக்குகளை நிவாரண முகாம்களுக்கு ஏற்றி அனுப்பவும் இல்லை. பிரேசில் கலைஞர் விக் முனிஸ் அவற்றைத் தரையில் பரப்பி ஒரே பெரிய கொக்கின் உருவமாக அடுக்கிப் படம் எடுத்தார். பணம் மட்டும் கடல் கடந்தது.

எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஜப்பானிய மொழியில் ‘அரிகதா மெய்வாக்கு’ என்று ஒரு சொல் உண்டு. நன்றி சொல்லியே ஆக வேண்டிய தொல்லை என்று அதற்குப் பொருள். பேரிடர் நேரத்தில் வந்து குவியும் வேண்டாத பொருட்களை அங்கே ‘இரண்டாம் பேரிடர்’ என்றும் சொல்கிறார்கள். இதற்கு அவர்கள் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு ஒகுஷிரி. ஹொக்கைடோவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சிறு தீவு. ஐயாயிரம் பேர்கூட வசிக்காத இடம். 1993 ஜூலை 12 இரவு நிலநடுக்கமும் சுனாமியும் அதைச் சிதைத்தன. நாடு முழுவதிலிருந்தும் வந்த நிவாரணப் பொருள் சுமார் 5,000 டன். தலைக்கு ஒரு டன்னுக்கு மேல். அடுக்கி வைக்கத் தனியாகக் கிடங்கு கட்ட வேண்டியதாயிற்று. மிஞ்சிய துணிமணிகளைக் கடைசியில் எரித்தார்கள். அந்த வேலையெல்லாம் செய்தவர்கள் வீடு இழந்த அதே ஊரின் அலுவலர்கள்.

2016 ஏப்ரலில் குமாமோட்டோவில் நிலம் நடுங்கியபோது, அனுப்ப வேண்டாத பொருட்களின் பட்டியல் ஜப்பானியச் சமூக ஊடகங்களில் சுற்றியது. பழைய துணி, கைப்பட எழுதிய ஆறுதல் கடிதங்கள் ஆகியவற்றோடு சென்பசுருவும் அதில் இருந்தது. காரணம் எளிது. நிவாரண முகாம் என்பது பள்ளி உடற்பயிற்சிக் கூடம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பாய் அகலம். குடிநீருக்கும் கழிவறைக்கும் வரிசை. அங்கே ஆளுயரச் சரமாக ஆயிரம் கொக்கு வந்து இறங்கினால் தொங்கவிட இடமில்லை. தூக்கிப் போடவோ மனசு வராது. யாரோ முகம் தெரியாதவர் முப்பது நாற்பது மணி நேரம் உட்கார்ந்து மடித்தது என்று தெரிந்திருக்கும்போது எப்படிக் குப்பையில் போடுவது? மடித்தவரின் 23 சென்ட்டும் பெறுபவரின் 5 சென்ட்டும் நேருக்கு நேர் மோதும் இடம் அது. 2022இல் ஜப்பானியர் சிலர் உக்ரைன் கொடியின் நீலத்திலும் மஞ்சளிலும் கொக்குகள் மடித்து அந்நாட்டுத் தூதரகத்துக்குத் தர முனைந்தபோதும் இதே விவாதம் வெடித்தது. போரில் இருப்பவருக்குக் காகிதம் எதற்கு என்று கேட்டவர்களின் வாய்ச்சொல் கூராகவே இருந்தது. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் மடித்தவர்களின் மனசைக் கீறாமலும் அதைக் கேட்டிருக்கலாம்.

இது ஜப்பானுக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தப்பிய பிள்ளைகள் போகும் புதிய கட்டடத்தை அலங்கரிக்கக் காகிதப் பனிப்பூக்கள் வெட்டி அனுப்புங்கள் என்று பெற்றோர்-ஆசிரியர் சங்கம் கேட்டது. சில வாரங்களில், போதும், தயவுசெய்து நிறுத்துங்கள் என்று அறிவிக்க வேண்டிய நிலை.

தமிழருக்கு இது கேள்விப்பட்ட கதையும் அல்ல, கண்ணால் கண்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கொன்றது. அடுத்த வாரங்களில் லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. கடற்கரைச் சாலையோரங்களில் மூட்டை மூட்டையாகக் கொட்டப்பட்டு, மழையில் நனைந்து, மாடு மிதித்துக் கிடந்தது. தன் வலையையும் படகையும் பிள்ளையையும் இழந்து நின்ற மீனவக் குடும்பங்கள் பிறர் உடுத்திக் கழித்ததைத் தொடவில்லை. அந்தத் துணிகளைத் திரட்டி, தரம் பிரித்து, பயன்படும் இடங்களுக்குக் கொண்டுபோகும் வேலையை ‘கூஞ்ச்’ தொண்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. கொடுத்தவர்கள் யாரும் கெட்ட மனசோடு கொடுக்கவில்லை. தன் வீட்டு அலமாரியைப் பார்த்துக் கொடுத்தார்கள். பெறுபவரின் முற்றத்தைப் பார்க்கவில்லை.

பெறுபவரைப் பாராமல் கொடுத்த கொக்குகளில் மிகப் பெரிய கூட்டம் தாய்லாந்தில் வானத்திலிருந்தே விழுந்தது. 2004 அக்டோபர் 25 அன்று, மலாய் முஸ்லிம்கள் அதிகம் வாழும் தென்பகுதியின் தாக் பாய் ஊரில், போராட்டக்காரர்களைக் கைது செய்து லாரிகளில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிக் கொண்டுபோனதில் பெரும்பாலானோர் மூச்சுத் திணறி இறந்தார்கள். மொத்தச் சாவு 85. நாடு கொதித்தபோது பிரதமர் தக்சின் ஷினவத்ரா எல்லாக் குடிமக்களையும் சமாதானக் கொக்கு மடிக்கச் சொன்னார். டிசம்பர் 5, மன்னர் பிறந்தநாளில், ஏறக்குறைய ஐம்பது விமானங்கள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட காகிதக் கொக்குகளைப் பட்டானி, யாலா, நராத்திவாட் மாகாணங்கள்மேல் கொட்டின. பிரதமர் கையெழுத்திட்ட ஒரு கொக்கு யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குப் படிப்புதவி அல்லது வேலை என்றும் அறிவிப்பு. பிள்ளைகள் ஓடிப் பொறுக்கினார்கள். இறந்தவர்களின் வீட்டார் கேட்டது நீதி. தாக்குதல்கள் அந்த வாரமும் நிற்கவில்லை. மடித்த கோடிக்கணக்கான தாய்லாந்து மக்களில் பலர் உண்மையான துக்கத்தோடுதான் மடித்திருப்பார்கள். அந்தத் துக்கத்தை அரசு ஒரு நாள் காட்சியாகச் செலவழித்துவிட்டது.

அப்படியானால் பேரிடர் நடந்த ஊரில் கொக்குக்கு இடமே இல்லையா? உண்டு. செண்டாய் நகரின் தனபாட்டா திருவிழா ஆகஸ்ட் 6 முதல் 8 வரை நடக்கும். மூங்கிலில் கட்டித் தொங்கவிடும் ஏழு வகை மரபு அலங்காரங்களில் கொக்கும் ஒன்று. சுனாமி அடித்த 2011ஆம் ஆண்டில் செண்டாய் பள்ளிப் பிள்ளைகள் சுமார் 80,000 பேர் ஆளுக்கொன்றாக மடித்தார்கள். அவை பெரும் தோரணங்களாக விழாத் தெருவில் தொங்கின. இங்கே மடித்தவரும் பார்த்தவரும் ஒரே ஊர்க்காரர். அனுப்பியவர், பெற்றவர் என்ற பிரிவே இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போய், கைவேலையையே பாதிக்கப்பட்டவர் கையில் கொடுத்த முயற்சிகளும் உண்டு. இவாத்தே மாகாணத்தின் ஒட்சுச்சி ஊர் சுனாமியில் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது. 2011இலேயே அங்கே முகாம்களில் இருந்த பெண்களுக்கு ‘சஷிகோ’ என்ற பழைய தையல் வேலையைக் கொடுத்து, தைத்ததை விற்றுக் கூலி தரும் திட்டம் தொடங்கியது. முகாமில் ஆண்களுக்கு இடிபாடு அகற்றும் வேலையாவது இருந்தது. வயதான பெண்களுக்கு நாள் முழுக்கச் சும்மா உட்காருவதே பாரமாக இருந்தது. ஊசியும் நூலும் துணியும் இருந்தால் ஒரு பாய் அகலத்திலும் செய்யலாம் என்பதே அந்த வேலையின் அருமை.

இதே எண்ணம் அதற்கு ஆறாண்டு முன்பே தமிழ்க் கரையில் முளைத்திருந்தது. ஆரோவில்லில் ‘உபாசனா’ வடிவமைப்பு நிலையத்தை நடத்தும் உமா பிரஜாபதி, சுனாமியால் நொறுங்கிப்போன சுற்றுவட்டார மீனவக் கிராமப் பெண்களுக்காக 2005இல் தொடங்கியது ‘சுனாமிகா’. தையலில் மிஞ்சும் துண்டுத் துணியில் விரல் நீளத்துக்கும் குறைவான ஒரு பொம்மை. துணி உருட்டிய உடம்பு, இரண்டு கை, முகத்தில் கண்ணும் வாயும். கடலைப் பார்க்கவே அஞ்சிக்கொண்டிருந்த பெண்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்து இதைச் செய்யக் கற்றார்கள். செய்ததற்குக் கூலி உண்டு. ஆனால் பொம்மை விற்பனைக்கு இல்லை, பரிசாகவே கைமாறும். பெற்றவர் விரும்பினால் நன்கொடை அனுப்பலாம், அந்தப் பணத்தில் அடுத்த பொம்மைகள் பிறக்கும். பல லட்சம் சுனாமிகாக்கள் எண்பது நாடுகள்வரை போயிருக்கின்றன.

காகிதக் கொக்கை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டால் வருவது இது. அங்கே துக்கமில்லாதவர் மடித்துத் துக்கத்தில் இருப்பவருக்கு அனுப்புகிறார். இங்கே துக்கத்தில் இருப்பவர் செய்து உலகத்துக்குக் கொடுக்கிறார். கொடுக்கும் கை மேலே இருக்கும் என்பார்கள். சுனாமிகாவில் அந்தக் கை கரையோரப் பெண்களுடையது. ஒருவர் கைவேலை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பது அதன் பொருளையே மாற்றிவிடுகிறது. இந்தக் கட்டுரை பார்த்த எல்லா முயற்சிகளிலும் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான்.

கொக்குகளைப் பற்றிப் பேசும் ஆர்வத்தில் பணத்தின் பயணத்தை மறக்கக் கூடாது. ஜப்பானியர் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். ‘கியென்கின்’ என்பது நேராகப் பாதிக்கப்பட்டவர் கைக்குப் போகும் பணம். செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை திரட்டி, பங்கீட்டுக் குழுவின் வழியாக, உயிரிழப்பையும் வீட்டின் சேதத்தையும் பார்த்துப் பிரித்துத் தரும். முழுத் தொகையும் போய்ச் சேரும், ஆனால் சமமாகப் பிரிக்கக் கணக்கெடுத்து முடிவதற்குள் மாதங்கள் ஓடும். 2011இல் இந்தத் தாமதத்தைப் பற்றி மனக்குறை நிறையவே எழுந்தது. ‘ஷியென்கின்’ என்பது தொண்டு நிறுவனங்களின் வேலைக்குப் போகும் பணம். அது உடனே களத்தில் சோறாகவும் மருந்தாகவும் இறங்கும். எதில் செலவழிப்பது என்பதை அந்த நிறுவனமே முடிவு செய்யும். உண்டியல் வைக்கும் ஒவ்வொரு பள்ளியும் இந்த இரண்டில் எது என்று பெட்டியின்மேலேயே எழுதிவிடலாம். பிள்ளைகளுக்கும் அது ஒரு பாடம்.

‘ஸ்டூடண்ட்ஸ் ரீபில்ட்’ கொக்குகளுக்காக வந்த அந்த 5 லட்சம் டாலர் ‘ஆர்க்கிடெக்சர் ஃபார் ஹியுமானிட்டி’ என்ற கட்டடக் கலைஞர் அமைப்பு வழியாக வடகிழக்கு ஜப்பானின் மறுகட்டுமானத்துக்கு என்று குறிக்கப்பட்டது. கொடுத்த இடம் தெளிவு, நோக்கம் தெளிவு. அந்த அமைப்பே 2015இல் திவாலாகி மூடப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறுகட்டுமானம் பத்து, பதினைந்து ஆண்டு வேலை. கொக்கு மடிக்கும் உற்சாகம் சில வாரங்களில் தீர்ந்துவிடும். இடைப்பட்ட காலத்தை யார் தாங்குவது என்ற கேள்வியை மடிக்க அழைப்பவர்கள் முதல் நாளே யோசித்துவிட வேண்டும்.

கடைசியாக, மடித்த கொக்குகள் என்ன ஆகின்றன? சடாகோவின் சிலைக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடிக் கொக்குகள் வருகின்றன. எடை ஏறக்குறைய பத்து டன். முன்பு கொஞ்ச நாள் காட்சிக்கு வைத்துப் பின் எரித்தார்கள். 2003 ஆகஸ்டில் கல்லூரி மாணவர் ஒருவர் தீ வைத்ததில் 1 லட்சத்து 40 ஆயிரம் கொக்குகள் சாம்பலாயின. அவர் படித்த பல்கலைக்கழகத்தின் சக மாணவர்கள், தாங்கள் செய்யாத தவறுக்காக, அந்த எண்ணிக்கைக்கும் மேல் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எரிப்பதை விட்டு எல்லாவற்றையும் பாதுகாப்பது என்று மாநகராட்சி முடிவெடுத்திருந்தது. பத்தாண்டில் கிடங்குகளில் சுமார் 100 டன் சேர்ந்தது. 2012 முதல் கொள்கை மாறியது. கொக்குகளை மறுசுழற்சிக்குக் கொடுத்து, அந்தத் தாளில் நோட்டுப் புத்தகம், விசிறி, முகவரி அட்டை என்று செய்கிறார்கள். காகிதம் மறுபடி காகிதம் ஆகிறது. அதில் எழுதலாம், மடிக்கவும் மடிக்கலாம்.

சடாகோ தன் கையால் மடித்தவற்றில் மிஞ்சியவை கொஞ்சம். தாளை மிச்சம் பிடிக்கச் சின்னதாகச் சின்னதாக, ஊசி முனையால் நீவி நீவி மடித்தவை. அவளுடைய அண்ணன் மசாஹிரோ அவற்றில் சிலவற்றை எண்ணி எண்ணிக் கொடுத்துவருகிறார். 2007இல் ஒன்று நியூயார்க்குக்கு, இரட்டைக் கோபுரத்தில் இறந்தவர்களுக்கான நினைவு மையத்துக்குப் போனது. 2013இல் ஒன்று பேர்ல் ஹார்பர் போனது. 2010இல் நியூயார்க்கில், அணுகுண்டு வீச உத்தரவிட்ட ஹாரி ட்ரூமனின் பேரன் கிளிஃப்டன் ட்ரூமன் டேனியல் அந்தக் குடும்பத்தைச் சந்தித்தார். மசாஹிரோவின் மகன் ஒரு சிறு பெட்டியிலிருந்து மணியளவுக் கொக்கு ஒன்றை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார். சடாகோ கடைசியாக மடித்தது அது என்றார். ஹிரோஷிமாவுக்கு வருவீர்களா என்று கேட்டார்கள். 2012 ஆகஸ்ட் 6 அன்று டேனியல் அங்கே வந்து நின்றார்.